உள் அறையா, ஜன்னல் அறையா: சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் முன்

ஏப்ரல் 19, இரவு 9.40 (கேள்வி)

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். சென்னையிலிருந்து கிளம்பி விசாகப்பட்டினம், புதுச்சேரி போய்வரும் சொகுசுக் கப்பலில் ஜூன் மாதம் நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அம்மா நால்வரும் போகலாம் என்று இருக்கிறோம். கையில் அளவான பணம்தான். ஜன்னலே இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று நான்கு விலை சொல்கிறார்கள். தூங்குவதற்குத்தானே அறை, இருப்பதிலேயே மலிவான உள் அறை போதும் என்பது என் கட்சி. மனைவி பால்கனி கேட்கிறாள். யார் சொல்வது சரி?

ஏப்ரல் 19, இரவு 10.25 (பதில்)

தம்பி, உங்கள் கட்சிதான் என் கட்சியும். இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்குப் பால்கனி வேண்டாம். சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், நாடகம், மேல்தளத்துக் காற்று எல்லாம் எல்லா அறைக்காரர்களுக்கும் பொது. உள் அறையை எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தை விசாகப்பட்டினத்தில் இறங்கிச் சுற்றிப்பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20, காலை 6.50

இரவு அவசரமாக எழுதிவிட்டேன். முக்கியமானதைச் சொல்லவில்லை.

எந்த வகை அறை என்று கேட்பதற்கு முன்னால், அது கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். என் அப்பா காசிமேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் விசைப்படகு ஓட்டினார். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், படுத்தவன் தூங்கமாட்டான் என்பார். பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் பலகையைப் பாருங்கள். முனையில் உட்கார்ந்தவன் மேலே போய்க் கீழே வருகிறான், நடுவில் நிற்பவன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறான். பெரிய கப்பலிலும் அதே கணக்குதான். அலையை எதிர்த்துப் போகும்போது முன்பக்கமும் பின்பக்கமும்தான் அதிகம் ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டம் மேல்தளங்களில் அதிகம். இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டும் தகடுகள் இருக்கும். முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாகப் பயனில்லை.

ஆகவே கீழ்த்தளம், நடுப்பகுதி. முதல் முறை போகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். அணியத்தின் உச்சியில் இருக்கும் பால்கனி அறையைவிட நடுவில் இருக்கும் உள் அறையில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏப்ரல் 20, மாலை 7.15

"கீழ்த்தளம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதைத் திருத்துகிறேன். கீழே போனாலும் நடுவில்தான் இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் முன்கோடி அறைகளுக்கு அருகே, கப்பல் துறையை அணையும்போது பக்கவாட்டில் நகர்த்துகிற உந்துவிசைக் கருவிகள் இருக்கும். விடியற்காலையில் அவை ஓடத் தொடங்கினால் கட்டிலே அதிரும். பின்கோடியில் எஞ்சினும் கப்பலைத் தள்ளும் சுழலியும். இரவெல்லாம் ஒரு நடுக்கம் தரையில் இருந்துகொண்டே இருக்கும். சிலருக்கு அது தாலாட்டு, எனக்குத் தலைவலி.

நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையும் வேண்டாம். காலை ஐந்து மணிக்கே நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள். நாடக அரங்கத்துக்கும் பாட்டுக் கச்சேரி நடக்கும் இடத்துக்கும் மேலே உள்ள அறை அதற்குச் சளைத்ததல்ல. தலைக்கு மேலும் அறைகள், காலுக்குக் கீழும் அறைகள் என்று இருக்கும் தளம்தான் அமைதியானது. இதற்குக் கப்பலின் தள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இணையத்திலேயே கிடைக்கும். ஒரு தளத்தின் படத்தை அடுத்த தளத்தின் படத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். அரை மணி நேரத்து வேலை.

மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருவது சரக்குக் கப்பல் தாள்கள் மட்டும்தான். ஆனாலும் கப்பல் வரைபடம் என்றால் எனக்குக் கை பரபரக்கும்.

ஏப்ரல் 23, இரவு 9.05

நால்வரும் ஒரே அறையில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில அறைகளில் இருக்கலாம். கீழே இரண்டு கட்டில், மேலே சுவரிலிருந்து இறங்கும் இரண்டு கட்டில், ஏற ஒரு சிறு ஏணி. ரயில் பெர்த் மாதிரிதான். கட்டணத்தில் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சொல்லும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில் தலைக்கு இவ்வளவு என்பது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவாக வாங்குவார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் போனால் காலியான கட்டிலுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை நான்கு வகைக்கும் தாளில் எழுதிக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். எழுதிப் பார்த்தால், இரண்டு உள் அறைகள் சேர்ந்தும் ஒரு பால்கனி அறையைவிடக் குறைவாக வருவது உண்டு. அப்படி வந்தால் இரண்டு குளியலறையும் கிடைக்கிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் காலை ஏழு மணிக்கு அதன் அருமை தெரியும்.

பையன் மேல் கட்டிலுக்கு அடித்துக்கொள்வான். உங்கள் அம்மா ஏற முடியாது. அவர் வயது, முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லையே?

ஏப்ரல் 24, காலை 7.30

அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி என்கிறீர்கள். சரி. அப்படியானால் சிலவற்றைக் கவனியுங்கள். கப்பலில் குளியலறை வாசற்படி உயரமாக இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். ஆடுகிற தரையில், இருட்டில், அந்தப் படியில் கால் இடறுவது சுலபம். ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டுபோங்கள். லிஃப்டுக்குப் பக்கத்து அறை என்றால் இரவெல்லாம் பேச்சுச் சத்தம் கேட்கும். நான்கைந்து கதவு தள்ளி இருந்தால் நடையும் குறைவு, சத்தமும் குறைவு. தொடக்கத்தில் ஆபத்துக்காலப் பயிற்சி ஒன்று எல்லோருக்கும் கட்டாயம். எங்கே வந்து கூட வேண்டும் என்பது ஒவ்வோர் அறைக்கும் குறித்திருக்கும். அம்மாவை முன்கூட்டியே அங்கே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். படிக்கட்டில் கூட்டம் சேர்ந்த பிறகு சிரமம்.

ஏப்ரல் 26, மாலை 4.20

இடையில் ஒருவர், இவ்வளவு யோசிப்பதற்கு அந்தமான் கப்பலில் போய்விடலாமே என்கிறார். அது வேறு வகைப் பயணம். ராஜாஜி சாலையில் டிக்கெட் எடுத்து, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், இரண்டரை மூன்று நாள். பங்க், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்று அங்கேயும் நான்கு படி உண்டு. பங்க் என்றால் கீழே ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள். போர்வை, தட்டு, டம்ளர் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். என் சித்தப்பா வேலைக்காகப் போய்வந்துகொண்டிருந்தபோது பங்க்தான். அது ஊருக்குப் போகிறவர்களின் கப்பல். அதில் நேரத்துக்கு இடம் கிடைப்பதே பெரிது.

அதற்கும் முன்னால் ரஜூலா. ராயபுரத்திலும் மண்ணடியிலும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் வரும். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது. எங்கள் தெருவில் ஒரு தாத்தா ரஜூலாவில் டெக் டிக்கெட்டில் பினாங்கு போனவர். டெக் டிக்கெட்டுக்கு அறையே கிடையாது. பாயை விரித்த இடம்தான் இடம். முதலில் ஏறி நடுவில் பாயைப் போட்டவன் பாக்கியசாலி என்று அவர் சொல்வார். நான் 20-ஆம் தேதி வளைத்து வளைத்து எழுதியதை அவர் ஒரு பாயில் முடித்துவிட்டார்.

ஏப்ரல் 30, இரவு 10.10

"அறை எண் பிறகு தருவோம், விலை குறைவு" என்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வகை மட்டும் உறுதி, இடம் அவர்கள் விருப்பம். மிஞ்சியதை நமக்குத் தள்ளுவார்கள். நல்லதும் வரலாம், அணியத்து மூலையும் வரலாம். இளைஞர்கள் இருவர் போனால் துணிந்து எடுக்கலாம். முழங்கால் வலியோடு அம்மா வருகிறபோது வேண்டாம். இரண்டு அறை எடுத்து, ஒன்று மூன்றாம் தளத்திலும் இன்னொன்று எட்டாம் தளத்திலும் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஜன்னல் அறையிலும் ஒரு பொறி இருக்கிறது. என் சித்தி மகள் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பலில் போனாள். முகவர் ஒருவர் "கடல் தெரியும் அறை, சலுகை விலை" என்று வாங்கிக்கொடுத்தார். திரையை விலக்கினால் ஜன்னல் நிறைய ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. படகின் வயிற்றுக்கும் அதன் கயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் அளவுக்குக் கடல். நான்கு நாளும் அதையே பார்த்திருக்கிறாள். டிக்கெட்டில் "காட்சி மறைக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. முகவர் அதை வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரிந்து எடுத்தால் அது மோசமான அறை இல்லை. வெளிச்சம் வரும், விலையும் குறைவு. பணத்தை வாங்கிக்கொண்டு சொல்லாமல் விட்டதுதான் குற்றம். வரைபடத்தில் உயிர்காப்புப் படகுகள் எந்தத் தளத்தில் தொங்குகின்றன என்று பார்த்து, அதற்குக் கீழே உள்ள தளத்தில் ஜன்னல் எடுங்கள்.

மே 3, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. இரண்டு வாரமாக உள் அறை, உள் அறை என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் நடந்ததை எழுதவே இல்லை. எழுதிவிடுகிறேன்.

நானும் என் அம்மாவைக் கப்பலில் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு வருடம் ஆகிறது. அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். ஏலம் எடுத்து, கூடையில் பனிக்கட்டி போட்டு, கல்மண்டபம் வரை தலைச்சுமையாகக் கொண்டுபோனவர். அப்பா வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தார், அம்மா வாழ்நாளெல்லாம் கரையில் இருந்தார். அலைதடுப்புக் கல்லைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் படகில் ஏறும் வழக்கமில்லை. அப்பா இறந்த பிறகு, ஒரு தடவை அந்தப் பக்கத்திலிருந்து நம் ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்காகத்தான் டிக்கெட் எடுத்தேன்.

எடுத்தது உள் அறை. நடு, கீழ்த்தளம், என் கணக்குப்படி எல்லாம் சரி. அறையில் குறை ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. ஏறிய அன்று வெயிலும் வரிசையும் சேர்ந்து அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. கப்பல் கிளம்பும் நேரத்தில் எல்லோரும் மேல்தளத்துக்குப் போனார்கள். நான் கொஞ்சம் படுக்கிறேன், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். போனேன். இடப்பக்கம் மீன்பிடித் துறைமுகம், படகுகளின் நெருக்கம், ராயபுரம், அதற்கு வடக்கே விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவது எல்லாம் தெரிந்தது. தொலைவில் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள். கைப்பேசியில் படம் எடுத்தேன். ஒன்றும் விழவில்லை, கருப்பில் இரண்டு மூன்று புள்ளிகள்.

கீழே வந்தேன். அறையில் இருட்டு. அம்மா விழித்துத்தான் இருந்தார். "புகைபோக்கி தெரிந்ததா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். "உன் அப்பா அதைப் பார்த்துத்தான் வீடு வந்துவிட்டது என்பார்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எழுந்து மணி என்ன என்று கேட்டார். பத்து. உள் அறையில் விளக்கை அணைத்தால் கையை நீட்டினால் கை தெரியாது. விடிந்ததை அந்த அறை யாருக்கும் சொல்லாது. வாழ்நாளெல்லாம் மூன்று மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போனவருக்கு விடிந்தது தெரியவில்லை. மூன்று இரவில் அவர் மேல்தளத்துக்கு வந்தது இரண்டு தடவை. மிச்ச நேரமெல்லாம் அந்த நான்கு சுவர்.

மே 4, காலை 6.15

படித்துப் பார்த்தேன். எதையும் மாற்றவில்லை.

தூங்குவதற்குத்தானே அறை என்று நீங்கள் எழுதினீர்கள், நானும் ஆமாம் போட்டேன். உங்களுக்கும் எனக்கும் அது சரி. உங்கள் அம்மாவுக்கு அந்த அறைதான் கப்பல். அவர் எத்தனை மணி நேரம் அறைக்குள் இருக்கப் போகிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மே 4, காலை 9.00

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. நான்கு பேருக்கும் ஜன்னல் வாங்க வேண்டியதில்லை. அம்மாவும் உங்கள் மனைவியும் ஜன்னல் அறை, நீங்களும் பையனும் எதிர்ப்புறத்து உள் அறை. ஒரே தளம், நடுவில் நடைபாதை. பகலில் எல்லோரும் ஜன்னல் அறையில் உட்காரலாம். பால்கனி கேட்டவருக்கு ஜன்னலாவது கிடைக்கும்.

மே 12, இரவு 8.30

உங்கள் மனைவியின் கேள்விக்கும் நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். பால்கனி வீண் என்று முதல் நாள் எழுதியது கொஞ்சம் கூடுதல். ஏழு நாள், பத்து நாள் பயணத்தில், அதிகாலையில் யாரும் இல்லாமல் காபியோடு உட்கார ஓர் இடம் என்றால் பணம் கொடுக்கலாம். இங்கே 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் 1990-இல் ஓடத் தொடங்கிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான். கொஞ்சமாக இருப்பதற்கு விலை ஏறத்தான் செய்யும். புதிய கப்பல்களில் வரிசை வரிசையாகப் பால்கனி இருப்பதால் ஜன்னல் அறைக்கும் அதற்கும் விலை நெருங்கிவருவதும் உண்டு. அப்போது எடுக்கலாம்.

ஜூனில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைத்தான் நேராக அடிக்கிறது. நம் கரைக்கு அந்தக் காற்று நிலத்தைத் தாண்டி வருகிறது. ஆகவே அந்த மாதங்களில் மும்பைப் பக்கத்துக் கடலைவிட இங்கே அமைதி. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் வந்தால் கதை வேறு. அமைதி என்றாலும் வயிற்றைப் பிரட்டும் ஆட்கள் உண்டு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கிவையுங்கள். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. தொலைவில் அடிவானத்தைப் பார்த்தால் குமட்டல் குறையும். உள் அறையில் அடிவானம் இல்லை. இதையும் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மே 18, இரவு 9.20

நீங்கள் அனுப்பிய இரண்டு அறை எண்களையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். உள் அறை நன்றாக இருக்கிறது. ஜன்னல் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஓர் இணைப்புக் கதவு இருக்கிறது. பக்கத்தில் உங்கள் ஆட்கள் இல்லையென்றால் அவர்களின் தொலைக்காட்சிச் சத்தம் முழுக்க உங்களுக்குக் கேட்கும். இரண்டு அறை தள்ளிக் கேளுங்கள், விலை மாறாது.

முடிந்தால் இடப்பக்க வரிசை. விசாகப்பட்டினம் போகும்போது கப்பல் வடக்கே திரும்பும், கரை இடக்கைப் பக்கம். அங்கிருந்து புதுச்சேரிக்குத் தெற்கே வரும்போது கரை வலப்பக்கம் போய்விடும். இரண்டும் ஒரே ஜன்னலில் கிடைக்காது. வழியில் பெரும்பாலும் கரையே தெரியாது, கிளம்பும் அந்த ஒரு மணி நேரம்தான். உங்கள் அம்மாவுக்குத் திருவொற்றியூர் பார்க்க வேண்டுமென்றால் இடப்பக்கம்.

ஜூன் 22, இரவு 10.00

படத்தைப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் உங்கள் அம்மா நாற்காலியைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பையன் கட்டிலில் தலைகீழாகக் கிடக்கிறான். எண்ணூர் வரை விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். மேல் கட்டில் இல்லாத அறையில் பையன் அழுதது எனக்குத் தோன்றாமல் போனது, மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜூன் 25, இரவு 9.45

இன்று நானும் முன்பணம் கட்டினேன். இரண்டே பேர், ஜன்னல் அறை, மூன்றாம் தளம், நடு, இடப்பக்கம். போன தடவையைவிடக் கூடுதல்தான். தீபாவளிச் சீட்டில் போட்டிருந்ததை எடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். ஜன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, கண்ணாடி மட்டும்தான் என்றேன். கடல் காற்றில் உப்புப் படியுமே, கண்ணாடியை வெளியிலிருந்து யார் துடைப்பார்கள் என்று கேட்டார். துறைமுகத்தில் நிற்கும்போது ஊழியர்கள் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், நடுக்கடலில் முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படியானால் முதல் நாளே பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.